மலைப்பாதையில் யாருக்கு முதல் வழி?

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பாலமலை அரங்கநாதர் கோயிலுக்கு ஏறும் வழியில் பக்தர்கள் நடக்கிறார்கள், இருளர் பதிகளின் மக்கள் வந்துபோகிறார்கள், யானைகளும் கடக்கின்றன. மின்சார மலைச் சைக்கிளில் போகவும் அங்கே ஆசை வரும்.

மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவான இலகு ரகம் என்றால் இந்தியச் சட்டம் அதை மோட்டார் வாகனமாகவே கருதாது; உரிமம், பதிவு எதுவும் வேண்டாம். நடப்பவருக்குச் சைக்கிள்காரர் ஒதுங்குவதும், ஏறுபவருக்கு இறங்குபவர் வழிவிடுவதும் மேலைநாட்டு மலைப்பாதைகளின் வழக்கம். மோட்டார் தள்ள ஏறுகிறவருக்கும் அந்தச் சலுகை எதற்கு? மூச்சு வாங்காதவர் கொஞ்சம் நின்றுதான் போகட்டுமே!

வளைவில் மணியடிப்பது மனிதருக்குச் சரி. ஓசையின்றி யானை முன்னால் போய் நிற்பவரை எந்த மணியும் காப்பாற்றாது. பொழுது சாய்ந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி எப்போதுமே கூடாது.