போர்ட்டல்ல கேட்கிற விலை, வித்த விலை கிடையாது

'மேடவாக்கத்துல சதுர அடி இவ்வளவு போகுது'ன்னு சொல்றவங்ககிட்ட ஆதாரம் கேட்டா, ப்ராபர்ட்டி போர்ட்டலைக் காட்டுவாங்க. அது விக்கிறவர் ஆசைப்படுற விலை. அரசு வழிகாட்டி மதிப்பும் மார்க்கெட் விலை இல்ல. பத்திரச் செலவு அதுக்குக் கீழ போகாது, அவ்வளவுதான்.

20 வருஷ ஈஎம்ஐ கட்டப்போறவர் முதல்ல பார்க்க வேண்டியது வில்லங்கச் சான்று. அதே சர்வே எண்ணுல சமீபத்துல எந்தத் தொகைக்குக் கிரயம் ஆச்சுன்னு அதுல இருக்கும். (குறைச்சுக் காட்டுறவங்களும் உண்டு, அப்படியே நம்பிடாதீங்க.) அப்புறம் வாட்ச்மேன்கிட்ட பேசுங்க. அதே பிளாக்ல நாலு வீடு ஆறு மாசமா விலை போகாம நின்னா, பேரம் உங்க கையில.

மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 60 லட்சத்துக்கு 5.4 லட்சம். ரெண்டு வருஷத்துல ஊர் மாறுற வேலைன்னா, வாடகைக்கே இருங்க.