உக்கிராணக்காரனின் கணக்கு

அறம், பொருள், இன்பம் என வள்ளுவர் வகுத்த முப்பாலிலே பொருள் நடுவே நிற்கிறது. அதற்கு முன்னே அறமும் பின்னே இன்பமும் அமைந்தமை தற்செயலன்று. முன்னதை மறந்து, பொருளிலிருந்து நேரே இன்பத்துக்குத் தாவ முயல்வதே நம் காலத்துக் குறை. பொருளைப்பற்றிக் கிறிஸ்தவ சமயம் கூறுவதும் இதற்குத் தொலைவில் இல்லை.

பணமே தீமைகளின் வேர் என்று விவிலியம் சொல்வதாகப் பலர் எண்ணுகின்றனர். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபம் பழிப்பது பணத்தின்மேற் கொண்ட ஆசையையே. இயேசுபிரானின் உவமைகள் சிலவற்றில் மனிதன் உக்கிராணக்காரனாகவே வருகிறான். கையிலிருப்பது அவனிடம் ஒப்புவிக்கப்பட்ட பிறர் பொருள். ஒருநாள் கணக்குக் கேட்கப்படும். எவ்வளவு சேர்த்தாய் என்பதிலும், எதற்குச் செலவிட்டாய் என்பதே அங்கே பெரிய வினா.

களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வன் அன்றிரவே இறந்த கதையை லூக்கா எழுதிவைத்தார். 2022ஆம் ஆண்டிலே அக்கதைக்கு நம் நாடே உரை எழுதியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த ஒரு டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறியது. செப்டெம்பரிலே கொழும்பில் நுகர்வோர் விலைகள் முந்திய ஆண்டைக் காட்டிலும் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தன. சிறுகச் சிறுகச் சேர்த்த வைப்புப்பணம், ஒரு சதமும் குறையாமல் வங்கியில் இருந்தபடியே தேய்ந்தது. சேர்த்தவர்கள் பேராசைக்காரர் அல்லர். ஆயினும், பணத்தின்மேற் கட்டிய நிம்மதி எத்துணை மெல்லிய அத்திவாரத்தில் நிற்கிறதென்பதை வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அன்று கண்டன.

அதற்காகப் பணம் வேண்டாவென்று வறியவனுக்கு உபதேசிப்பது பாவமாகும். களுபோவிலவிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை போன்ற அரசினர் வைத்தியசாலைகளிலே சிகிச்சை இலவசம். எனினும் அதே 2022இல் நாடெங்கும் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. மருந்துச் சீட்டுடன் கடைகடையாக அலைந்தவனிடம் பணம் வெறும் மாயை என்று சொல்ல யார் துணிவார்? நோயாளியின் அருகே நிற்பவனுக்குப் பணம் அருமருந்து. அது யாருக்காகச் செலவாகிறது என்பதிலே அதன் பெருமை இருக்கிறது.

வைத்தியசாலை என்றதும் மானிப்பாய் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். தம் நாட்டிலேயே தொழில் நடத்தி வளமாக வாழ்ந்திருக்கக்கூடியவர் அவர். அவரோ தமிழைக் கற்றார். மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தார். மாணவருக்கு நூல் இல்லாமையால் நூல்களையும் ஆக்குவித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அப்பணி ஓயவில்லை. ‘கெமிஸ்தம்’ 1875இல் வந்தது. 1884இல் மறைந்த அவருடைய கல்லறைக் கல், தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்றே அவரை அறிமுகப்படுத்துகிறது. ஒரு வாழ்வின் நோக்கத்தை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. மகிழ்ச்சி இத்தகையோரைத் தானே தேடிவரும்.

சபைகளும் இதனை மறந்துவருவது வருந்தத்தக்கது. செல்வமே தேவ ஆசீர்வாதத்தின் அடையாளம், கொடுத்த காணிக்கை பன்மடங்காய்த் திரும்பும் என்ற போதனை இன்று பெருங்கூட்டங்களை ஈர்க்கிறது. அப்படியாயின், சொந்த வீடின்றித் திரிந்து, பிறர் தந்த கல்லறையிலே அடக்கம்பெற்ற இயேசு ஆசீர்வாதம் பெறாதவரோ? காணிக்கையை வட்டிக்கு விடும் முதலாக்கியபின் ஆலயத்துக்கும் சந்தைக்கும் வேறுபாடு ஏது?

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை அடுத்து வைத்தியர் உட்பட இளைஞர் பலர் கடல் கடந்தனர். அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. குடும்பத்தின் தேவை நியாயமானது. ஆனால், எந்தப் படிப்புக்கு எவ்வளவு சம்பளம் என்ற வினாவோடு பெற்றோரும் ஆசிரியரும் நின்றுவிடலாமா? உன் கைக்கு வரப்போவதால் யாருக்கு என்ன நன்மை என்றும் பிள்ளையைக் கேட்போம். அவ்வினாவைச் சிறுவயதிலேயே கேட்டுப் பழகியவன், எந்த நாட்டில் எவ்வளவு ஈட்டினாலும், கணக்கு ஒப்புவிக்கும் நாளிலே தலைகுனிய வேண்டியதில்லை.