புது க்ரூசர் பைக் வாங்குறீங்களா? மாடிஃபிகேஷனை இஎம்ஐ-யில சேர்க்காதீங்க!



வேலை அம்பத்தூர் எஸ்டேட்ல, வீடு ஆவடியில. இல்லன்னா பூந்தமல்லியில இருந்து தினமும் போரூர் பக்கம் ஆபீஸ். ரெண்டு மூணு வருஷம் சம்பளம் வாங்கின பிறகு ஒரு க்ரூசர் பைக் மேல ஆசை வர்றது சகஜம். பட்ஜெட்டுக்குள்ள வந்தா தாராளமா வாங்குங்க. நான் பேசப்போறது பைக்கைப் பத்தி இல்ல. புக்கிங் முடிஞ்சதும் ஷோரூம்ல ஆக்சஸரீஸ் லிஸ்ட்டை எடுத்து நீட்டுவாங்களே, அந்தப் பத்து நிமிஷத்தைப் பத்தி.

2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்குமான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆச்சு. 349 சிசி இருக்கிற ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-க்கு இந்தச் சலுகை உண்டு. சூப்பர் மீட்டியோர் 650 மாதிரி பெரிய பைக்குகளுக்கு வரி 40 சதவீதம். "வரி குறைஞ்சிருச்சே, மிச்சமான காசுல சீட்டு, விண்ட்ஸ்கிரீன், லைட்டுன்னு எல்லாத்தையும் போட்டுடலாம்"னு மனசு கணக்கு போடும். அங்கதான் மாட்டிக்கிறோம்.

ஆக்சஸரீஸ் 40,000 ரூபாய்னு வச்சுக்குவோம். லோன்ல சேர்த்தா 12% வட்டியில, 3 வருஷத்துக்கு மாசம் சுமார் 1,330 ரூபாய். கேட்க சின்னதா இருக்கு. ஆனா மொத்தமா கட்டுறது சுமார் 47,800. அதாவது 7,800 ரூபாய் வட்டி மட்டும். நாளைக்கு பைக்கை விக்கும்போது வாங்குறவர் இதுக்கெல்லாம் தனியா காசு தரமாட்டார்.

என்னோட கருத்து இதுதான்: முதல் மூணு மாசம் கம்பெனி கொடுத்த மாதிரியே ஓட்டுங்க. க்ரூசர்ல கால் முன்னாடி நீட்டியிருக்கும். பள்ளம் வந்தா சாதாரண பைக் மாதிரி சட்டுன்னு எழுந்து நிக்க முடியாது. அடி நேரா இடுப்புக்குப் போகும். உங்களுக்கு மாத்த வேண்டியது சீட்டா, ஹேண்டில்பாரா, இல்ல எதுவுமே வேண்டாமான்னு சி.டி.எச். ரோடுதான் சொல்லும், ஷோரூம் சொல்லாது. வண்டலூர்–மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடுல வாராவாரம் போறவருக்கு விண்ட்ஸ்கிரீன் உதவும். பாடி டிராஃபிக்ல ஊர்ந்து போறவருக்கு அது வெறும் அலங்காரம்.

மூணு மாசம் கழிச்சு லிஸ்ட்டை மூணா பிரிங்க.

1. உடம்புக்கும் பாதுகாப்புக்கும்: நல்ல சீட், பின்னாடி உட்கார்றவருக்கு பேக்ரெஸ்ட், இன்ஜின் கார்டு. கம்பெனி பொருளா, பில்லோட வாங்குங்க. கழட்டின ஒரிஜினல் பார்ட்டை பத்திரமா வைங்க. விக்கும்போது திருப்பி மாட்டலாம்.

2. அழகுக்கு: கண்ணாடி, கவர், ஸ்டிக்கர். போனஸ் வந்தா பாத்துக்கலாம்.

3. தொடவே கூடாதது: சத்தம் போடுற சைலன்சர், எதிர்ல வர்றவர் கண்ணைக் கூசவைக்கிற லைட்டு. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டுமே விதிக்க சட்டத்துல இடம் இருக்கு. "ஸ்டைலா இல்ல"ன்னு நிறைய பேர் கழட்டுற சாரி கார்டு கூட விதிப்படி இருந்தே ஆகணும்.

அபராதத்தை விட பெரிய அடி இன்சூரன்ஸ்ல விழும். ஐடிவி-ங்கிறது கம்பெனி விலையை வச்சுப் போடுற மதிப்பு. நீங்க வெளியில மாட்டின பொருளைச் சொல்லி, அதுக்கு பிரீமியம் கட்டலன்னா, விபத்துல உடைஞ்சா அதுக்குப் பணம் வராது. சொல்லாம செஞ்ச பெரிய மாற்றத்தைக் காரணம் காட்டி கிளெய்மையே குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அப்போ நிலைமை என்ன? பைக் ஒர்க்‌ஷாப்ல நிக்கும், இஎம்ஐ மட்டும் மாசாமாசம் ஓடும். சம்பளத்தை நம்பி இருக்கிறவங்களுக்கு இது தாங்காது.

இன்னொரு விஷயம். புது பைக்குக்கு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் 5 வருஷத்துக்கு வரும். அதை வச்சு எல்லாம் கவர் ஆகுதுன்னு நினைக்காதீங்க. உங்க வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் முதல் வருஷத்துக்குத்தான். ரெண்டாவது வருஷம் நீங்கதான் புதுப்பிக்கணும். மாடிஃபிகேஷனுக்கு முன்னாடி அந்தப் பணத்தை ஒதுக்கி வைங்க.

சரி, ஆசைக்கு வழி? அந்த 1,330 ரூபாயை அப்படியே ஒரு ஆர்டி-யில போடுங்க. ஆறு மாசத்துல 8,000 ரூபாய்க்கு குறையாம கையில இருக்கும், வட்டியும் உங்களுக்கே. அதுல முதல் செலவு, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ரெண்டு நல்ல ஹெல்மெட். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு பின்னாடி உட்கார்றவருக்கு. மீதி இருந்தா சீட்டு.

கடன்ல வாங்கினது பைக்கோட நிக்கட்டும். அதுல மாட்டுற ஒவ்வொரு பொருளும் உங்க சேமிப்புல இருந்து வரட்டும். இந்த ஒரு விதியை வச்சுக்கிட்டாலே, லிஸ்ட்ல பாதி தானா காணாமப் போயிடும்.

ஷோரூம் போறதுக்கு முன்னாடி, கூட வர்ற நண்பருக்கும் இதை ஷேர் பண்ணிடுங்க. "மச்சி, இதையும் போட்டுடுடா"ன்னு முதல்ல சொல்லப்போறது அவர்தான்!