மடித்து வைத்த பக்கம்

போன வருஷம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோனோம். முன்னால் மேளம். தாம்பாளத்தில் தேங்காய், பழம், நோட்டு, பென்சில் ஏந்திய பெண்கள். பின்னால் இரண்டு மின்விசிறி, ஒரு பீரோ, பத்து பிளாஸ்டிக் நாற்காலி. தாய்மாமன் சீருக்குக் கொஞ்சமும் குறையாத மிடுக்கு. தலைமையாசிரியை வாசலில் நின்று சந்தனம் கொடுத்தார். நானும் ஒரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அதே பத்து நாற்காலியில் ஏழு காலி. வந்த மூன்று பேரில் ஒருத்தி என் தங்கை. குழுத் தலைவியே அவள்தான். வராதவர்களின் கையெழுத்து வேண்டுமே? மறுநாள் தீர்மான நோட்டு ஒரு பையனின் கக்கத்தில் ஏறி வீடு வீடாகப் போனது. அம்மாக்கள் அடுப்படியில் இருந்தபடியே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். என்ன தீர்மானம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொடுக்கத் தெரிந்த ஊர்தான் எங்களுடையது. தமிழ்நாட்டுக்கே அந்தக் கை உண்டு. காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் தலைவராகவும் இருந்த 1950-களில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று முடிந்ததை மக்கள் தூக்கிக் கொடுத்தார்கள். மதிய உணவுக்குக்கூட ஊரார் கொடுத்த அரிசியும் காசும்தான் முதலில் கைகொடுத்தன. அந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளைதான் இன்றைய கல்விச் சீர்.

கேட்கும் பழக்கம்தான் நமக்குப் புதிது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் அந்த உரிமையைப் பெற்றோரிடம் கொடுத்தது. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவதும் இவர்கள் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாகக் கட்டி எழுப்பினார்கள். தாய் ஒருத்தியே தலைவி என்றும் ஆனது. சட்டம் நாற்காலியைப் போட்டுவிட்டது. உட்காரத்தான் ஆளில்லை.

ஏன் வருவதில்லை என்று தங்கையிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கூட்டம்னா எப்படிண்ணே வருவாங்க? நடவுக்குப் போனவ பாதியில கரையேறினா கூலி யாரு குடுப்பா?" என்றாள். இன்னொரு காரணமும் சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தால் எந்த அம்மாவும் முதலில் கேட்பது, "என்ன தப்புப் பண்ணினான்?" என்றுதான். பிள்ளை அடிபட்டால், அடித்தால், ஃபீஸ் இல்லாத பள்ளியிலும் ஏதாவது கட்டவேண்டி வந்தால் மட்டுமே அழைப்பு வரும் இடத்துக்கு, சும்மா போய் உட்கார யாருக்குக் கால் வரும்?

டீச்சர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒருவரிடம், ஒரே அறையில். இன்னொருவர் பாதி நேரம் செல்போனில், அரசின் கல்வித் தகவல் தளமான எமிஸில் பதிவு செய்துகொண்டிருக்கிறார். "அஞ்சு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது ஏழரைக்குத்தான் சார்" என்றார் தலைமையாசிரியை. அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு நாள் மட்டும் கூட்டத்தை மாலை ஐந்தரைக்கு வைப்பது என்று தங்கையும் தலைமையாசிரியை டீச்சரும் பேசி முடித்தார்கள். டீச்சர் ஏழரை பஸ்ஸில் போவார். பஸ் வராவிட்டால் மெயின் ரோடு வரை வண்டியில் கொண்டுபோய் விடுவது ஊரின் பொறுப்பு. அந்த முதல் கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் அம்மாக்கள் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். டீச்சரும் நாற்காலியை விட்டுப் பாய்க்கு வந்தார்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஒரு அம்மா எழுந்து, "எனக்கே எழுத்துத் தெரியாது டீச்சர், நான் எப்படிச் சொல்லிக் குடுக்க?" என்றார்.

"நீங்க சொல்லிக் குடுக்க வேணாம்மா. ராத்திரி பக்கத்துல உக்கார வச்சு ஒரு பக்கம் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. எங்க திக்கி நிக்குறானோ, அந்தப் பக்கத்து முனையை மடிச்சு வச்சு அனுப்புங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

பத்து நாள் கழித்துப் போனேன். மேசையில் அடுக்கியிருந்த தமிழ்ப் புத்தகங்கள் காது முளைத்ததுபோல் இருந்தன. டீச்சர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். பாதிப் பேர் நின்றது இரட்டைக் கொம்பு வரும் இடங்களில். 'கே'யும் 'கோ'வும் பிள்ளைகளுக்குக் குழம்புகின்றன. மூன்று நாள் வேறு பாடம் எடுக்காமல் கொம்பை மட்டும் சொல்லிக்கொடுத்தாராம். எழுத்து அறியாத ஒரு தாயின் விரல், பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்திருக்கிறது. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து வேலை செய்வது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், அந்த மடித்த முனையைத்தான் காட்டுவேன்.

அதற்காக, 'ஊரே பார்த்துக்கொள்கிறது' என்று அரசு கையைத் துடைத்துக்கொண்டால் அது மோசடி. மின்விசிறியை ஊர் வாங்கலாம், ஆசிரியரை வாங்க முடியாது. சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர். போன கூட்டத்தில் அம்மாக்களே வருகைப் பதிவேட்டை வாங்கி எண்ணினார்கள். 64 தலை. 'மூன்றாவது ஆசிரியர் வேண்டும்' என்று தீர்மானம் எழுதினார்கள். இந்த முறை நோட்டு எந்தப் பையனின் கக்கத்திலும் ஏறவில்லை. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து விழுந்தது. ஆசிரியர் இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு இரண்டாவது தீர்மானமும் போயிருக்கிறது. கேட்கப் பழகிவிட்டார்கள்.

இதை வாசிப்பவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஓர் அரசுப் பள்ளியின் வராந்தாவில் மதிய உணவுத் தட்டைக் கழுவியவர்களாக இருப்பீர்கள். 2024-ல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பள்ளிக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த மாதக் கூட்டம் எந்தத் தேதியில் என்று கேளுங்கள். போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நாற்காலி இல்லாவிட்டால் பாய் இருக்கும்.