உளி பிடித்தால் படிப்பு குறையுமா?

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவன் ஒருவன்)

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பெரியோர் வாக்கு. இந்தப் பழமொழியைப் பள்ளிக் கட்டுரைகளில் பலமுறை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது, இரண்டாம் ஆண்டு படிக்கையில் வந்த ஓர் ஐப்பசி மழையில்தான்.

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு மழைக்காலம் வந்துவிட்டால் நிலையோடு ஒட்டிக்கொள்ளும். என் தாயார் தோளால் முட்டித்தான் திறப்பார்கள். அன்று முட்டிய வேகத்தில் மேல் கீல் பிடுங்கிக்கொண்டு கதவு சாய்ந்துவிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, ஒரு திருகாணி ஏன் கழன்றது என்று சொல்லத் தெரியவில்லை. அதே துளையில் அதே திருகாணியைத் திரும்பத் திரும்ப முடுக்கினேன். அது சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர, பிடிக்கவில்லை.

மறுநாள் வகுப்பு நண்பனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மாலையில் என்னோடு வீட்டுக்கு வந்தான். பசை தடவிய தீக்குச்சிகள் நான்கைந்தைத் துளைக்குள் செருகி, வெளியே நீட்டியதை ஒடித்துப் போட்டான். திருகாணியை ஒருமுறை சோப்பில் தேய்த்து முடுக்கினான். கதவு நிமிர்ந்து நின்றது!

“துளை அகன்று போச்சு. திருகாணி கடிக்கிறதுக்கு மரம் வேணும். அவ்வளவுதான்” என்றான்.

“உனக்கு இது எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

சற்றுத் தயங்கினான். “எங்கப்பா தச்சு வேலை செய்யறார்” என்றான்.

ஓராண்டுக்கு மேலாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அதுவரை அவன் அதைச் சொன்னதில்லை; நானும் கேட்டதில்லை.

பட்டறையில் முதல் பாடம்

அன்று பிறந்த வெட்கம்தான் என்னை அவன் தந்தையாரின் பட்டறைக்கு இழுத்துச் சென்றது. “ஐயா, எனக்கும் வேலை கற்றுத் தருவீர்களா?” என்று கேட்டேன். “எதுக்குத் தம்பி? பரீட்சைக்குப் படிங்க” என்று சிரித்து அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை கேட்டபோதுதான், ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னார்.

அலைபேசியில் மரவேலைப் படங்கள் பல பார்த்துவிட்டு, முதல் நாளே நாற்காலி செய்துவிடலாம் என்ற கனவோடு போனேன். இரண்டு ஞாயிறுகள் உளி தீட்டுவதிலேயே கழிந்தன! கடையில் வாங்கிய புது உளி அப்படியே வெட்டாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஏறக்குறைய 25 பாகைச் சாய்வு மாறாமல் கல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும். கை ஆடினால் முனை உருண்டுவிடும். உருண்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடுத்தது ரம்பம். 18 அங்குலம் அளந்து, கோட்டின் மேலேயே அறுத்தேன். பலகை அளவில் குறைந்து போயிற்று. ரம்பமும் தன் பங்குக்கு மரத்தைத் தின்னும் என்பதை நான் எண்ணவில்லை. கோடு நம் பலகையில் மிஞ்சும்படி, கழிவுப் பக்கமாக அறுக்க வேண்டுமாம். பலகையின் ஓரத்தில் ஆணி அடித்தேன், பலகை பிளந்தது. ஆணியின் கூரைச் சுத்தியலால் இலேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடிக்கச் சொன்னார், பிளக்கவில்லை. கூரான ஆணி மரத்தின் நாரை விலக்கிப் பிளக்கிறது. மழுங்கிய ஆணி நாரை நசுக்கிக்கொண்டு இறங்குகிறது. இழைப்புளியை ரேகைக்கு எதிராகத் தள்ளினேன்; பலகை செதில் செதிலாகப் பெயர்ந்தது. “பலகையைத் திருப்பிப் போடுங்க” என்றார். அதே இழைப்புளி, அதே கை. ஆனால் இப்போது சுருள் சுருளாகச் சீவல் வந்து விழுந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைப் பரீட்சை முடிவு வந்த நாளில்கூட அடைந்ததில்லை.

ஒருநாள் இடது கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையை நோக்கியே உளியை ஓட்டினேன். ஆட்காட்டி விரலில் மூன்று தையல். “உளி போற வழியில கை இருக்கக் கூடாது தம்பி” என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அலைபேசிப் படத்தில் வருபவர் எவ்வளவு அழகாகச் செய்து காட்டினாலும், நம் கை தவறான இடத்தில் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆசிரியர் எதிரில் இருக்க வேண்டியதன் காரணம் இதுதான் போலும்!

வெடித்த மணை

கொஞ்சம் வேலை வந்ததும் கர்வமும் வந்தது. பழைய வீடுகளை இடித்த மரம் விற்கும் கடையில் ஒரு பலாப் பலகை வாங்கினேன். அவரைக் கேளாமலே, என் பாட்டி உட்கார ஒரு மணை செய்தேன். பலகையின் அடியில் குறுக்காக இரண்டு சட்டங்கள். பசையும் தடவி, திருகாணியும் முடுக்கி, அசைய விடாமல் இறுக்கினேன். மார்கழியில் செய்த மணை சித்திரை வெயிலில் ஒரு நண்பகலில் ‘பட்’டென்று நீளவாக்கில் வெடித்தது.

வெடித்த மணையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்கினார். மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து விரியும். வெயிலில் காய்ந்து சுருங்கும். ஆனால் இந்த விரிவும் சுருக்கமும் அகலத்தில்தான்; நீளவாக்கில் இல்லை என்றே சொல்லலாம். நான் குறுக்கே வைத்த சட்டத்தின் நீளம், பலகையின் அகலத்தின் மேல் கிடக்கிறது. பலகை சுருங்கப் பார்க்கிறது. சட்டம் சுருங்காமல் பிடித்துக்கொள்கிறது. பிறகு வெடிக்காமல் என்ன செய்யும்? நடுவில் ஒரு திருகாணியை மட்டும் இறுக்கி, ஓரத்தில் உள்ளவற்றுக்குச் சட்டத்தின் துளையை நீளமாக்கி, பசை தடவாமல் விட்டிருந்தால் பலகை தன் போக்கில் நகர்ந்திருக்கும்.

எங்கள் கொல்லைக் கதவு மழையில் ஒட்டிக்கொள்வதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. “மழையில ஒட்டுதேன்னு நிறைய இழைச்சிடாதீங்க. வெயில்ல சந்து விழும்” என்று எச்சரித்தார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். இது அறிவு இல்லையென்றால், நண்பர்களே, எதை நாம் அறிவு என்பது?

நண்பன் கேட்ட கேள்வி

இந்த உற்சாகத்தில் நம் மாணவர் மன்றத்தில், மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கைத்தொழில் கற்றே தீர வேண்டும் என்று முழங்கினேன். பலத்த கைதட்டல். அன்று மாலை தேநீர்க் கடையில் என் நண்பன் அமைதியாகச் சொன்னான்:

“நீ உளி பிடிச்சா ‘என்ன ஆர்வம்!’ என்கிறார்கள். நான் பிடிச்சா ‘அப்பன் தொழில்தானே’ என்பார்கள். எங்கப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினதே நான் உளி பிடிக்கக் கூடாதுன்னுதான்.”

என்னிடம் பதில் இல்லை. வரலாற்று மாணவனாகிய நான் வரலாற்றைப் புரட்டினேன்.

1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கிராமப்புறப் பிள்ளைகள் ஒருவேளை மட்டும் பள்ளிக்கு வந்தால் போதும். மற்ற வேளையில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்பது அதன் சாரம். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் முதலமைச்சரானார், திட்டமும் கைவிடப்பட்டது. அன்று எதிர்த்தவர்கள் உளியை இகழ்ந்தவர்கள் அல்லர்; உளியைப் பிறப்போடு கட்டுவதை எதிர்த்தவர்கள். அந்தப் போராட்டம் வென்றதால்தான் என் நண்பன் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆனால் இன்னொரு வழியும் வரலாற்றில் உண்டு. 1910இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். போராட்டத்தில் ஈடுபட்ட குடும்பங்கள் அங்கே தங்கின. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. கட்டடக் கலைஞரான காலன்பாக் தச்சு வேலையும் அறிந்தவர். பண்ணைப் பிள்ளைகளுக்குத் தச்சு வகுப்பு நடந்தது. ‘உன் தந்தை தச்சரா?’ என்பது அங்கே சேரும் தகுதி அன்று. பின்னர் 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை அவர் முன்வைத்தார். பின்லாந்து நாட்டிலோ, கல்வியாளர் உனோ சிக்னேயஸின் முயற்சியால், 1866லேயே மக்கள் பள்ளிகளில் கைவேலை பாடமாகிவிட்டது.

தந்தையின் தொழில் மகனுக்கு என்பது சங்கிலி. எவர் தொழிலையும் எவரும் கற்கலாம் என்பது கல்வி. சங்கிலியை உடைத்து எறிந்தோம், மிகச் சரி. ஆனால் எறிந்த வேகத்தில் உளியையும் சேர்த்து எறிந்துவிட்டோமோ என்பதே என் ஐயம்.

என்ன செய்யலாம்?

‘நான் முதல்வன்’ திட்டம் 2022இல் தொடங்கியது முதல் ‘திறன்’ என்ற சொல் நம் காதில் விழாத நாளில்லை. திறன் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது கணினித் திரைதான். அதுவும் வேண்டும். ஆனால் கையின் திறனுக்கும் நம் கல்லூரியில் ஓர் இடம் வேண்டும். நம் பொருள் அறையில் கால் உடைந்த மேசைகளும் பலகை பெயர்ந்த பெஞ்சுகளும் குவிந்து கிடக்கின்றன. சனிக்கிழமை பிற்பகல்களில் அங்கே ஒரு பட்டறை நடத்தலாம். மாணவர், மாணவியர் யாவரும் விரும்பிச் சேரட்டும். எவரையும் வற்புறுத்த வேண்டாம். என் நண்பன் வர வேண்டியதில்லை. அவன் நூலகத்தில் உட்கார்ந்து கல்வெட்டு படிக்கட்டும். அது அவன் உரிமை. கற்றுத் தர ஊரிலுள்ள தச்சர் ஒருவரை அழைக்க வேண்டும்; ஊதியம் கொடுக்க வேண்டும்; ‘ஆசிரியர்’ என்றே அழைக்க வேண்டும்.

‘எல்லாரும் தாமே செய்துகொண்டால் தச்சர் பிழைப்பு என்னாவது?’ என்று சிலர் கேட்கலாம். என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான்கு கால் ஸ்டூல் ஒன்றை முடிக்க எனக்கு ஏழு ஞாயிறுகள் ஆயின. அவர் ஒரே நாளில் முடிப்பார். முன்பு எங்கள் வீட்டு அலமாரிக்கு அவரைப் போன்ற ஒருவர் கூலி சொன்னபோது, நானும் என் தந்தையாரும் சேர்ந்து பேரம் பேசி 200 ரூபாய் குறைத்தோம். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தோம். இன்று என்னால் அப்படிப் பேச முடியாது. ஒரு வேலையைத் தானே முயன்று பார்த்தவனுக்குத்தான் அதன் கூலி உறைக்கும்.

என் ஸ்டூலைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஐயா அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் உள்ள மூட்டுகளைத் தடவிப் பார்த்தார். நிமிர்த்தி வைத்து, ஒரு கையால் அழுத்தினார். “கொஞ்சம் ஆடுது. ஆனா நிக்கும்” என்றார். நான் பெற்ற பட்டங்களில் முதலாவது அதுவே.

இந்தக் கட்டுரையை என் நண்பனிடம் படித்துக் காட்டினேன். “நல்லாயிருக்கு. போடு. ஆனா என் பேரும் அப்பா பேரும் வேண்டாம்” என்றான். ஆகவே எழுதவில்லை. பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! ‘என் தந்தை தச்சர்’ என்று ஒரு மாணவன் தன் பெயரோடு இந்த மலரில் எழுதத் தயங்கும்வரை, நம் படிப்பில் ஏதோ ஒன்று குறைகிறது. அந்தக் குறை உளி பிடித்ததால் வந்ததன்று. உளி பிடித்த கையை நாம் பார்க்கும் பார்வையால் வந்தது. சிந்திப்போமா?