அட்டை இல்லாத நுரையீரல்கள்

ஆனேக்கல் வட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தால் அதன் தடுப்பூசிக் கணக்கும் உடனே தொடங்கிவிடுகிறது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என நிமோகாக்கல் தடுப்பூசியின் மூன்று தவணைகளும் அட்டையில் குறிக்கப்படுகின்றன. 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்ட ஏற்பாடு இது. அதே வீட்டில் சர்க்கரை நோயோடு வாழும் பாட்டிக்கும், ஜிகணியில் கிரானைட் அறுக்கப் போகும் தந்தைக்கும் அத்தகைய அட்டை எதுவும் இல்லை. தேசியத் திட்டத்தில் அவர்களுக்கு இந்த ஊசி இடம்பெறவே இல்லை.

2017–18இல் நடந்த இந்திய முதுமை நெடுநோக்கு ஆய்வின் தரவுகளின்படி, 45 வயதைக் கடந்தோரில் நிமோகாக்கல் தடுப்பூசி பெற்றதாகக் கூறியோர் 0.6 விழுக்காட்டினர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தச் சிற்றெண்ணையும் ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும். அது பதிவேட்டிலிருந்து வந்ததன்று, நினைவிலிருந்து வந்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை வட்டத்தில், காய்ச்சலுக்குப் போடுவதும் ‘ஊசி’, வராமல் தடுப்பதும் ‘ஊசி’. ‘நெஞ்சுச் சளி’ என்னும் ஒரே தொடர் சாதாரண இருமல் முதல் நிமோனியா வரை அனைத்தையும் சுமக்கிறது. பெயரே அறியாத ஊசியைப் போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்?

இத்தடுப்பூசியின் வரலாறு குழந்தைகளிடம் தொடங்கியதன்று என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 1911இல் அல்ம்ரோத் ரைட் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளருக்கே முதலில் நிமோகாக்கல் ஊசியைப் போட்டுப் பார்த்தார். 1970களில் ராபர்ட் ஆஸ்திரியன் நடத்திய சோதனைகளும் அச்சுரங்கங்களில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களிடையே நடந்தவையே. அவற்றின் பயனாக 1977இல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. நெரிசலான விடுதி, தூசு, ஊர்விட்டு ஊர் வந்த உடல்கள் என்ற அந்தச் சூழல் பொம்மசந்திராவிலும் அத்திப்பள்ளியிலும் அறையைப் பகிர்ந்து வாழும் புலம்பெயர் தொழிலாளருக்கு அந்நியமானதன்று. பிரிட்டனில் உலோகப் புகைக்கு உள்ளாகும் வெல்டர்களுக்கு இத்தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. வெல்டிங் பட்டறைகள் நிறைந்த நம் தொழிற்பேட்டைகளில் அப்படியொரு பரிந்துரை உண்டென்று எந்தத் தொழிலாளியும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. குழந்தைகளுக்குப் போட்டாலே கிருமியின் பரவல் குறைந்து பெரியவர்களும் ஓரளவு காக்கப்படுவர் என்பது மெய். அமெரிக்காவில் 2000க்குப் பின் அது காணப்பட்டது. எல்லா நிமோனியாவையும் இந்த ஊசி தடுப்பதுமில்லை. நெதர்லாந்தில் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 84,500 பேரிடம் நடந்த ஆய்வில், தடுப்பூசி இலக்காகக் கொண்ட வகைகளால் வரும் நிமோனியா மட்டுமே ஏறக்குறைய 45 விழுக்காடு குறைந்தது. ஆகவே அனைவருக்கும் இலவசமாகப் போடுங்கள் என்று கோருவது எளிய முழக்கமாகவே முடியும். கேட்க வேண்டியது அதைவிடச் சிறியது: நீரிழிவு, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய், சிறுநீரக நோய் உடையோரும் கல்தூசில் உழைப்போரும் முதலில் அடையாளம் காணப்பட வேண்டும்.

அதற்குப் புதிய ஏற்பாடுகூடத் தேவையில்லை. 2021 மார்ச்சில், 45 முதல் 59 வயதினரில் இணைநோய் உடையோரைப் பட்டியலிட்டுக் கோவிட் தடுப்பூசிக்கு இதே அரசு அழைத்தது. இன்றும் முப்பது வயதைக் கடந்தோருக்காக ஆஷா பணியாளர் வீடு வீடாக நிரப்பும் படிவத்தில் புகைப்பழக்கம், இடுப்பளவு, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு, புகையும் தூசும் சூழ்ந்த தொழிலா என்ற கேள்வியும் உண்டு. அதாவது ஆனேக்கலின் இடர்நிலைப் பட்டியலுக்கான விடைகள் ஏற்கெனவே கையால் எழுதப்பட்டு வருகின்றன. அப்படிவம் சர்க்கரை, இரத்த அழுத்தம், புற்றுநோய்ப் பரிசோதனை வரை கொண்டுசெல்கிறது. தடுப்பூசிக்கு அதில் ஒரு கட்டம் இல்லை. தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோரிடம் பங்களிப்பு பிடிக்கும் இ.எஸ்.ஐ., கல் அறுப்போருக்கும் வெல்டர்களுக்கும் அந்தத் தவணையின் செலவை ஏற்பதிலிருந்தாவது இதனைத் தொடங்கலாம்.