சமூக ரோபோவும் மனித விருப்பமும்

மனிதருடன் பேசிப் பழகித் துணையாயிருக்கும்படி அமைக்கப்பட்ட யந்திரங்களைச் சமூக ரோபோக்கள் என்பர். இவற்றுள் சில மக்களைக் கவர்வதும், சில கைவிடப்படுவதும் ஏன்? உருவம் மனிதனை ஒத்திருக்குமளவுக்கு விருப்பமும் வளரும் என்பது பலருடைய எண்ணம். அனுபவம் அதனை ஆதரிக்கவில்லை.

ஜப்பானியப் பேராசிரியர் மசஹிரோ மோரி 1970-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். ரோபோவின் சாயல் மனிதனை நெருங்க நெருங்கப் பிரியம் மிகும். ஆனால், ஏறக்குறைய ஒத்துவிட்ட நிலையில் அப்பிரியம் திடீரெனச் சரிந்து, இனமறியா அச்சமாக மாறும் என்றார். சாயல் மிகுந்தால் எதிர்பார்ப்பும் மிகுமன்றோ? அப்போது சிறு குறையும் பெரிதாகவே தோன்றும்.

இதனை உணர்ந்து செய்யப்பட்டது 'பாரோ'. இதனை ஆக்கிய தகனோரி ஷிபாட்டா முதலில் பூனை, நாய் வடிவங்களையும் சோதித்தார். மக்களோ அவற்றைத் தாம் அறிந்த பூனை நாய்களுடன் ஒப்பிட்டுக் குறை கண்டனர். ஆகவே, பெரும்பாலோர் நெருங்கிப் பழகியிராத கடல்நாய்க் குட்டியின் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2005-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பாரோ, முதியோர் இல்லங்களில் மறதிநோயுற்றோருக்குத் துணையாகப் பயன்பட்டு வருகிறது. அது பேசுவதில்லை, தடவினால் அசைந்து குரல் கொடுக்கும். குறைவாக வாக்களித்து, வாக்களித்ததை நிறைவேற்றுவதே அதன் சிறப்பு.

புதுமையின் கவர்ச்சியும் விருப்பத்தைப் போலத் தோன்றும். ஜப்பானியத் தொடக்கப்பள்ளியொன்றில் ஆங்கிலம் பேசும் 'ரோபோவி'யை இரு வாரங்கள் வைத்து ஆராய்ந்த முடிவுகள் 2004-இல் வெளியாயின. முதல் வாரம் மாணவர் மொய்த்தனர். இரண்டாம் வாரம் கூட்டம் கலைந்தது. தொடர்ந்து பழகிய சிலரிடமே ஆங்கில முன்னேற்றம் காணப்பட்டது.

2024-இல் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டப் பள்ளியொன்றில் சேலையுடுத்திய 'ஐரிஸ்' என்னும் ரோபோ அறிமுகமாயிற்று. இத்தகைய முயற்சிகள் வரவேற்கத்தக்கவையே. எனினும், அறிமுக நாளின் கரகோஷம் பயனுக்குச் சான்றாகாது. ஒரு மாதம் கழிந்தபின் அதனை நாடி வருவோர் யார்? மாணவர் வீட்டில் பேசும் மொழி அதற்குப் புரிகிறதா? கூச்சமுள்ள குழந்தை அதனிடம் வினவத் துணிகிறதா? இவற்றை அன்றாடம் கவனித்துக் குறிக்கக்கூடியவர்கள் ஆசிரியரும் களப்பணியாளருமே. ஆதலின், பொதுப்பணம் கொண்டு யந்திரம் வாங்குமுன் அவர்களுடைய குறிப்புகளைக் கேட்டறிதல் இன்றியமையாதது. முகத்தின் அழகைவிட, செய்யவேண்டிய பணிக்கும் பழகுவோரின் எதிர்பார்ப்புக்கும் உள்ள பொருத்தமே நிலைத்த விருப்பத்தை உண்டாக்கும்.